மதகும் கலங்கலும்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வானகரத்தில் இறங்கி, அம்பத்தூர் செல்லும் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் கூவம் ஆறு குறுக்கிடும். அதனைக் கடந்து சற்றுத் தொலைவு சென்றால் அயனம்பாக்கம் ஏரியை அடையலாம். மழைக்காலத்து மாலை ஒன்றில் அவ்வேரிக் கரையில் நின்றிருந்தேன். கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் உடன் வந்திருந்தார். ஏரி நிறைந்திருந்தது. ஒரு புறத்தே நீர் வழிந்தோடும் ஓசை கேட்டது. இளைஞர் அதனைக் கண்டு, "மதகு வழியாகத் தண்ணீர் போகிறது" என்றார்.

அருகில் ஒரு முதியவர் நின்றிருந்தார். அப்பகுதியில் வயல்கள் இருந்த காலத்தில் அவரும் பயிரிட்டவர். அவர் இளைஞரைத் திரும்பிப் பார்த்து, "மதகு இல்லை தம்பி, அது கலங்கல்" என்றார்.

"இரண்டும் தண்ணீர் போகிற வழிதானே, ஐயா?" என்று இளைஞர் கேட்டார்.

"வழிதான். மதகிலே போகிற தண்ணீர் நாம் விட்டால் போகும். கலங்கலிலே போகிற தண்ணீர் நம்மைக் கேளாமல் போகும்" என்றார் முதியவர்.

மாணவ அன்பர்களே, அம்முதியவர் அன்று சொன்ன வேற்றுமையே இப்பேச்சின் பொருள். ஒரு மொழியில் ஏறத்தாழ ஒரே பொருளைக் குறிக்கும் சொற்கள் பல இருக்கின்றன. அவற்றைப் பார்த்து, 'இத்தனை சொற்கள் எதற்கு? ஒன்று போதாதா?' என்று கேட்கத் தோன்றுகிறது. தேர்வுக்குப் படிக்கும்போது அவற்றை ஒரே வரிசையில் எழுதி மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஆனால், உற்று நோக்கினால் ஒவ்வொரு சொல்லும் தனக்கென ஓர் எல்லையை உடையது என்பது விளங்கும். அவ்வெல்லை அழிந்தால் நாம் இழப்பது யாது என்பதையும் உடன் காண்போம்.

முதலில் நம் பழைய இலக்கணத்திற்குச் செல்வோம். ஒத்த சொற்களின் வேற்றுமையை ஆராய்வது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்று சொற்களைப் பற்றிய விதி ஒன்று உண்டு. மூன்றும் ஒருவரிடம் ஒரு பொருளைக் கேட்கும்போது சொல்லும் சொற்களே. பொருளும் ஒன்றே போலத் தோன்றுகிறது. ஆயினும், தாழ்ந்த நிலையில் நின்று உயர்ந்தவரிடம் கேட்பவன் 'ஈ' என்பான். ஒத்த நிலையில் உள்ளவன் 'தா' என்பான். உயர்ந்த நிலையில் நிற்பவன் 'கொடு' என்பான் என்று ஆசிரியர் வரையறுக்கின்றார். கேட்கப்படும் பொருளில் மாறுபாடு இல்லை. கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் இடையே உள்ள உறவில்தான் மாறுபாடு இருக்கிறது. சொல் ஒன்றைக் கேட்ட அளவிலேயே இருவர் நிற்கும் நிலையும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்று அந்நூலில் உண்டு. பேசுகின்றவனிடமோ அவன் முன் நின்று கேட்பவனிடமோ ஒரு பொருள் வந்து சேருமானால் அதனைத் 'தருதல்' எனல் வேண்டும். மூன்றாமவன் ஒருவனிடம் போய்ச் சேருமானால் அதனைக் 'கொடுத்தல்' எனல் வேண்டும். 'எனக்குத் தந்தான்', 'உனக்குத் தந்தான்', 'அவனுக்குக் கொடுத்தான்' என்பவை மரபான வழக்குகள். 'வருதல்', 'செல்லுதல்' என்னும் சொற்களும் இவ்வாறே பிரிந்து நிற்பன. பொருள் எந்தத் திசையில் நகர்கிறது, அதனை யார் எங்கிருந்து பார்க்கின்றார் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

இங்கு ஓர் ஐயம் எழும். 'கொடு' என்பது மூன்றாமவனுக்கு உரிய சொல்லாயின், உயர்ந்தவன் தனக்கென்று ஒரு பொருளைக் கேட்கும்போது 'கொடு' என்பது எவ்வாறு பொருந்தும்? இலக்கண ஆசிரியர் இதற்கும் விடை கூறுகின்றார். உயர்ந்தவன் தன்னையே வேறொருவனைப் போல வைத்துப் பேசுகிறான். 'எனக்கு' என்று கேட்கும் நிலைக்கு இறங்காமல், 'இவனுக்குக் கொடு' என்று தன்னைச் சுட்டுகிறான் என்பதே அவர் கருத்து. ஒரு வினைச்சொல்லுக்குள்ளே மனித மனத்தின் செருக்கு ஒளிந்திருப்பதை அப்புலவர் எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறார்!

இற்றை நாள் தமிழில் 'எனக்குக் கொடு', 'அவனுக்குத் தந்தேன்' என்று இரண்டையும் மாற்றி வழங்குகிறோம். எவரும் பிழையென்று கொள்வதில்லை. ஆனால், நமக்கு அண்டை மொழியாகிய மலையாளத்தில் இவ்வேற்றுமை இன்றும் உயிரோடு இருக்கிறது. எனக்கும் உனக்கும் ஆயின் 'தருக'. அவனுக்கும் அவளுக்கும் ஆயின் 'கொடுக்குக'. ஏட்டைத் திறந்தறியாத குழந்தையும் அங்கே இதனைத் தவறாமல் பேசும். இலக்கண நூலில் நாம் படிக்கும் விதி ஒரு காலத்தில் மக்களின் நாவில் இயல்பாக நடந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய நுணுக்கம் தொன்மையான மொழிகளுக்கு மட்டுமே உரியதோ எனின், அன்று. வேடிக்கையான எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுகிறேன். அமெரிக்க நாட்டுத் திரைப்படம் ஒன்றில் வேற்றுலகப் போர்வீரர் பேசுவதற்கென்று மார்க் ஓக்ராண்ட் என்னும் மொழியியல் அறிஞர் 'கிளிங்கான்' என்ற ஒரு மொழியையே படைத்தார். அப்படம் 1984-இல் வெளிவந்தது. அம்மொழிக்கு அகராதி 1985-இல் வெளியாயிற்று. பேசிய முன்னோர் எவரும் அம்மொழிக்கு இல்லை. பழம்பாடலும் பழமொழியும் இல்லை. ஆயினும், உயிரைப் போக்குதலுக்கு அதில் மூன்று வினைச்சொற்களை அவர் வகுத்தார். பொதுவாகக் கொல்லுதலுக்கு ஒன்று. குற்றமாகிய கொலையைச் செய்தலுக்கு ஒன்று. தண்டனையாக உயிர் நீக்குதலுக்கு ஒன்று. விளைவு மூன்றிலும் ஒன்றே. செய்தவன் யார், எந்த உரிமையோடு செய்தான் என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன. கற்பனையில் ஓர் உலகத்தைப் படைப்பவனும், அங்கே மக்கள் வாழ வேண்டுமாயின் கொலையையும் தண்டனையையும் ஒரே சொல்லால் குறிக்க முடியாது என்று உணர்ந்துகொள்கிறான். நீதி இருக்கும் இடத்தில் சொல் வேறுபாடும் இருந்தே தீரும்.

இனி, இதன் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். வேறுபாடு காட்டும் சொற்கள் வேண்டும் என்பதனால் பொதுச்சொற்கள் வேண்டா என்பதன்று. சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், பாலைப் பருகுகிறோம், தேனை நக்குகிறோம். விருந்தில் இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல நேர்ந்தால் எந்த வினையைக் கூறுவது? இத்தகைய இடத்தில் சிறப்புவினை ஒன்றைக் கூறலாகாது, எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுவினையைக் கூறுக என்று தொல்காப்பியர் வழிகாட்டுகின்றார். 'அயின்றார்' என்பதை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். அணிகலன்களும் அப்படியே. முடியைச் சூடுவர், வளையலை இடுவர், கச்சையைக் கட்டுவர், எல்லாவற்றையும் சேர்த்து 'அணிந்தார்' என்பர். ஆகவே பொதுச்சொல்லுக்கு ஓர் இடம், சிறப்புச்சொல்லுக்கு ஓர் இடம் என்று இரண்டும் வேண்டும். பொதுச்சொல் தன் இடத்தை விட்டுப் பெருகிச் சிறப்புச்சொற்களை விழுங்கிவிடும்போதுதான் தீமை விளைகிறது.

நம் முன்னோர் இயற்றிய நிகண்டுகளையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களை ஓரிடத்தில் தொகுத்துத் தருகின்றன. இலஞ்சி, கயம், பொய்கை, வாவி, தடாகம் என்று நீர்நிலைக்கு எத்தனை பெயர்கள்! பாட்டுப் பாடுவோர்க்கு எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற சொல்லைத் தேடிக் கொடுத்த அந்நூல்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால், நிகண்டு சொற்களின் உறவைக் காட்டுமே தவிர, அவற்றின் வேற்றுமையைப் பெரும்பாலும் காட்டாது. ஒரு குடும்பத்தினரின் பெயர்களை எல்லாம் எழுதிவைத்து, யார் தந்தை, யார் மகன் என்று குறிக்காமல் விட்டது போன்றது அது. அக்குறையை நிறைவு செய்யத்தக்க பெரிய அகராதி ஒன்று நம்மிடையே உண்டு. ஊர்தோறும் வாழும் உழவர், மீனவர், தச்சர், குயவர் ஆகியோரின் நாவே அவ்வகராதி.

அந்த அகராதியைத் திறந்து, நாம் தொடங்கிய நீர்க்கரைக்கே மீண்டும் செல்வோம்.

ஏரி, குளம், தாங்கல், குட்டை என்னும் சொற்களைச் சென்னையின் மேற்குப் புறத்து ஊர்களில் இன்றும் கேட்கலாம். ஏரி என்பது பாசனத்திற்காக நீண்ட கரை எழுப்பி மழைநீரைத் தேக்கிய பெரிய நீர்நிலை. அதற்குக் கீழே வயல் இருத்தல் வேண்டும். வயலுக்கு நீர் விடும் வாய்க்கால் இருத்தல் வேண்டும். குளம் என்பது இப்பகுதியில் பெரும்பாலும் தோண்டி அமைத்தது. குளிக்கவும் குடிக்கவும் கோயில் வழிபாட்டிற்கும் பயன்படுவது. தாங்கல் என்பது சிறிய ஏரி. பறவைகளால் புகழ்பெற்ற வேடந்தாங்கலும், சென்னையில் இன்று மாடி வீடுகள் நிறைந்த பழவந்தாங்கலும் அச்சொல்லைத் தம் பெயரில் வைத்திருக்கின்றன. குட்டை என்பது பள்ளத்தில் தேங்கிய சிறுநீர்நிலை, மாடு இறங்கி நீர் குடிக்கும், கோடையில் வற்றிவிடும்.

தாங்கலைப் போலவே 'ஏந்தல்' என்றும் ஒரு சொல் உண்டு. ஏந்துதலும் தாங்குதலும் ஒத்த பொருளுடைய வினைகளே. ஆயினும், கையை விரித்து வருவதைப் பெற்றுக்கொள்வது ஏந்துதல். மேலிருந்து அழுத்தும் சுமையைப் பொறுத்து நிற்பது தாங்குதல். நீரை வானம் தரும் கொடையாகக் கண்டவர் ஒரு பெயர் வைத்தனர் போலும். கரையை முட்டும் சுமையாகக் கண்டவர் மற்றொரு பெயர் வைத்தனர் போலும். இஃது என் கருத்தே. எனினும் இரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இவ்வாறு எண்ணத் தோன்றுகிறது.

இவ்வெல்லைகள் எல்லா ஊர்களிலும் ஒரே இடத்தில் அமைந்திருக்கும் என்று கருதிவிடலாகாது. திருநெல்வேலிச் சீமையில் பாசனம் தரும் பெரிய நீர்நிலையையே 'குளம்' என்பர். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் அது 'கண்மாய்'. அங்கே ஊரார் உண்ணும் நீருக்கென்று காக்கப்படுவது 'ஊருணி'. ஈழத்தின் வன்னிப் பகுதியில் இரணைமடுவும் 'குளம்' என்றே வழங்கப்படுகிறது; அது பல்லாயிரம் ஏக்கர் வயலுக்கு நீர் தருவது. 'கேணி' என்றால் இன்று பலர் கிணற்றை நினைப்பர். ஆனால், அல்லி பூத்த நீர்நிலையால் பெயர் பெற்றது திருவல்லிக்கேணி. இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒரு சொல்லின் எல்லையை அதன் அண்டைச் சொல் வகுக்கிறது. ஒரு வயலின் அளவு அடுத்த வயலின் வரப்பினால் தெரிவது போல, 'ஏரி' வழங்கும் நாட்டில் 'குளம்' சுருங்குகிறது. 'ஏரி' இல்லாத நாட்டில் 'குளம்' விரிகிறது. ஆகவே ஒரு சொல்லைத் தனியே எடுத்துப் பொருள் கேட்டால் அரைப் பொருளே கிடைக்கும். அதன் பக்கத்தில் எந்தச் சொற்கள் நிற்கின்றன என்றும் கேட்டால்தான் முழுப் பொருள் கிடைக்கும்.

ஏரியின் உறுப்புகளைக் காண்போம். கரை, மதகு, கலிங்கு, வரத்துக்கால், போக்குக்கால், ஆயக்கட்டு என்பன அவை. கலிங்கு என்று நூல்கள் கூறுவதையே இப்பகுதி மக்கள் கலங்கல் என்பர். மதகு கரையின் அடியில் அமைவது. அதன் கதவைத் தூக்கினால் பயிருக்கு நீர் போகும். கலங்கல் கரையின் ஒரு கோடியில், ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டத்தில் கல்லால் அமைவது. நீர் அம்மட்டத்தைக் கடந்தால் தானே வழிந்துவிடும். மதகு இல்லாவிட்டால் பயிர் வாடும். கலங்கல் இல்லாவிட்டால் கரை உடையும். கரை உடைந்தால் ஊரே அழியும். ஒன்று வாழ்வதற்கான வழி. மற்றொன்று அழியாமல் இருப்பதற்கான வழி.

சென்ற நூற்றாண்டுகளில் இந்நாட்டு ஏரிகளைப் பழுதுபார்க்க வந்த ஆங்கிலப் பொறியாளர் ஏரியைத் தம் மொழியில் 'டேங்க்' என்றனர். அச்சொல் போதுமென்று அவர்கள் எண்ணினர். ஆனால், கலங்கலுக்கு வந்தபோது தமிழ்ச்சொல்லையே எடுத்து, 'கலிங்குலா' என்று சற்றே திரித்துத் தம் அறிக்கைகளில் எழுதிக்கொண்டனர். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கில–இந்தியச் சொற்றொகுதியிலும் அது இடம்பெற்றது. வேலை செய்கிறவனுக்கு வேற்றுமை தெரிந்த சொல் வேண்டும். அது எம்மொழியில் கிடைத்தாலும் எடுத்துக்கொள்வான்.

வரத்துக்கால், போக்குக்கால் என்னும் இரு சொற்களை இன்னும் சிறிது கூர்ந்து நோக்குவோம். நம் ஏரிகள் பெரும்பாலும் தனித்தனியாக இருப்பவை அல்ல. படிப்படியாகத் தொடர்ந்து அமைந்தவை. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து மாதவரத்து இரட்டை ஏரிக்குப் போகும். அந்த இரட்டை ஏரியே 'ரெட்டேரி' என்று மக்கள் வாயில் வழங்குவது. அம்பத்தூரில் நின்று பார்ப்பவனுக்குப் போக்குக்காலாக இருப்பது, கொரட்டூரில் நிற்பவனுக்கு வரத்துக்கால் ஆகிறது. கால்வாய் ஒன்றே, பார்க்கும் இடம் வேறு. 'தருதல்', 'கொடுத்தல்' என்னும் சொற்களில் தொல்காப்பியர் கண்ட வேற்றுமையும் இதுவே அன்றோ! ஒருவர் கொடுப்பது மற்றொருவருக்கு வரவாகிறது. மேலூரான் போக்கை அடைத்தால் கீழூரானுக்கு வரவு இல்லை. இவ்வுறவை இரண்டு சொற்களும் நாள்தோறும் நினைவூட்டிக் கொண்டிருந்தன.

இனி, இச்சொற்களின் வேறுபாடு மங்கினால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம்.

வயல்கள் மனைகளாக மாறியபின் வரத்துக்கால், போக்குக்கால் என்னும் சொற்கள் நகரத்தில் வழக்கொழிந்தன. 'கால்வாய்' என்ற பொதுச்சொல் வந்தது. பிறகு அது 'சாக்கடை' ஆயிற்று. வரத்துக்கால் என்று பெயர் உள்ளவரையில் அதில் குப்பையைக் கொட்டுபவன், ஏரிக்கு வரும் நீரில் கொட்டுகிறோம் என்று அறிந்தே கொட்டுவான். சாக்கடை என்று பெயர் மாறியபின் அவனுக்கு அந்தக் கூச்சமும் வேண்டியதில்லை. பெயர் மாறியதால் மட்டுமே நீர் கெட்டது என்று நான் கூறவில்லை. கெடுத்தவர் மனத்தில் இருந்த தடை ஒன்று பெயரோடு நீங்கிவிட்டது என்றே கூறுகிறேன்.

நிலத்தைப் பற்றிய இரண்டு சொற்களிலும் இந்நிலை நேர்ந்திருக்கிறது. 'தரிசு' என்பது பயிரிடாமல் கிடக்கும் நிலம். 'புறம்போக்கு' என்பது வரி விதிப்புக்குப் புறம்பாக, ஊரார் அனைவரின் பொதுப்பயனுக்கும் ஒதுக்கி வைத்த நிலம். ஏரி, பாதை, மேய்ச்சல், சுடுகாடு ஆகியன அதில் அடங்கும். ஒன்று பயன்படாமல் கிடப்பது. மற்றொன்று எல்லாரும் பயன்படுத்துவது. இன்று இரண்டையும் 'சும்மா கிடக்கும் இடம்' என்று ஒன்றாக எண்ணுகிறோம். 'புறம்போக்கு' என்பதை ஒருவரை இகழும் வசைச்சொல்லாகவும் ஆக்கிவிட்டோம். எல்லாருக்கும் உரியது எவருக்கும் உரியதன்று என்ற மயக்கம் இவ்வாறு வேரூன்றியது.

சென்னையில் தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் அதனைத் தூர்த்து நகரை விரித்தனர். நுங்கம்பாக்கத்து ஏரியில் எஞ்சியதும் பின்னர் மறைந்தது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அதன் ஒரு பகுதியில்தான் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' சாலை, நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட்' சாலை என்னும் பெயர்ப் பலகைகள் இன்றும் இருக்கின்றன. ஏரியும் இல்லை, கரையும் இல்லை. இருந்த ஏரிக்கு அடையாளமாக எஞ்சிய பெயரும் வேற்று மொழியில் இருப்பதால், அவ்வழியே நாள்தோறும் நடப்போர் அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை.

சட்டத்திலும் சொல்லின் எல்லை பெரிது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அது பொதுப்பணித் துறையின் பொறுப்பில் அப்போது இருந்த ஏரிகளைக் கருதியே அமைந்தது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய சிற்றேரிகளோ, பொதுவாக ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளவை. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன என்பது அரசின் கணக்கு. அவற்றில் சிற்றேரிகளே மிகுதி. ஆதலின், ஒரு நீர்நிலை ஏட்டில் எந்தப் பெயரால், யாருடைய பொறுப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பது, அதற்கு எந்தச் சட்டத்தின் காவல் கிடைக்கும் என்பதையே முடிவு செய்கிறது. பேரேரியும் தாங்கலும் ஒன்றல்ல என்று உழவன் சொன்னது வெறும் சொல்நயம் அன்று.

இறுதியாக, மதகுக்கும் கலங்கலுக்கும் மீண்டும் வருவோம். வானகரத்திற்குத் தென்மேற்கே, பூவிருந்தவல்லியைக் கடந்தால் செம்பரம்பாக்கம் ஏரி. சென்னைக்குக் குடிநீர் தரும் அந்தப் பெரிய ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மிகுநீரை வெளியேற்றும் அமைப்பில் அங்கே கதவுகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அஃதாவது, கலங்கல் செய்யும் வேலையை மதகு போன்ற ஒரு பொறி செய்கிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழை பெய்தது. அன்று அவ்வேரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. அடையாற்றில் அந்நீரோடு வேறு பல ஏரிகளின் மிகுநீரும் சேர்ந்தது. கரையோரத்து மக்கள் நள்ளிரவில் வீட்டையும் பொருளையும் இழந்தனர். பலர் உயிரையும் இழந்தனர்.

அதன்பின் நாட்டில் எழுந்த வாதம் உங்களிற் பலருக்கு நினைவிருக்கலாம். நீர் வழிந்ததா, திறந்துவிடப்பட்டதா? முன்பே சிறிது சிறிதாகத் திறந்திருக்கலாகாதா? மழையின் அளவுக்கு முன் எந்தக் கதவும் நிற்குமா? இக்கேள்விகளுக்கு விடை கூறுவது இப்பேச்சின் நோக்கமன்று. ஆனால், கேள்வியின் வடிவத்தைப் பாருங்கள். அயனம்பாக்கம் கரையில் முதியவர் சொன்ன வேற்றுமைதான் அது. நாம் விட்டால் போகும் நீர் ஒன்று. நம்மைக் கேளாமல் போகும் நீர் மற்றொன்று. முன்னதற்கு மனிதர் பொறுப்பு உண்டு; பின்னதற்கு மழையே காரணம். கலங்கலுக்குக் கதவு வைத்த அன்றே அங்கும் மனிதர் பொறுப்பு நுழைந்துவிட்டது. 'உபரிநீர் வெளியேறியது' என்று பொதுப்படச் சொன்னால் அப்பொறுப்பு கண்ணுக்குத் தெரியாது. எந்த வழியாக, எவர் திறந்து, எவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவனே அதனைக் கேட்க முடியும்.

மாணவ அன்பர்களே, 'நீர்நிலை' என்பது நல்ல பொதுச்சொல். எல்லாவற்றையும் ஒருங்கே கூற வேண்டிய இடத்தில் அதனை வழங்குக. ஆனால், உங்கள் ஊரில் இருப்பது ஏரியா, தாங்கலா, குட்டையா? அதற்கு நீர் எவ்வழியே வருகிறது? நிறைந்தால் எவ்வழியே போகிறது? அவ்வழிக்கு ஊரார் இட்ட பெயர் யாது? இவற்றைக் கேட்டு அறியுங்கள். அறுபது, எழுபது வயது கடந்த பெரியவர்களுக்கு இன்னும் அவை தெரியும். ஒரு குறிப்பேட்டில் சொல்லை எழுதும்போது அதன் பொருளை மட்டும் எழுதாதீர்கள். அதற்கு அடுத்த சொல் எது, இரண்டுக்கும் வேற்றுமை யாது என்றும் எழுதுங்கள்.

அன்று என்னுடன் வந்த இளைஞர் திரும்பும் வழியில் நெடுநேரம் பேசவில்லை. கூவத்துப் பாலத்தின் மேல் வந்தபோது கீழே ஓடிய கருநிற நீரைச் சுட்டி, "இதில் அயனம்பாக்கத்துக் கலங்கல் நீரும் கலக்குமோ?" என்று கேட்டார். வரும்போது அதே பாலத்தைக் கடந்தோம். அப்போது அவருக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.